சிலும்பிய பலகை: ஒரு கட்டுரைக்குச் சொல் தேடியது பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வின் மையத்தில் இருப்பவர் தச்சுத் தொழிலில் பல பத்தாண்டுகள் இருந்தவர். தொழில் வாழ்க்கையின் பிற்பாதியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிற்றுநராக இருந்தார். ஓய்வுபெற்ற பிறகு, தொழில் பழகிய நாட்களையும் பிறருக்குப் பழக்கிய நாட்களையும் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதிச் சிற்றிதழ் ஒன்றுக்கு அனுப்பினார். அந்த இதழுக்கு வரும் படிகளைச் செம்மையாக்கும் வேலை என்னுடையது. அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். பெயர், ஊர், நிலையம் எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

படி என் கைக்கு வருவதற்கு முன்பே அவருடைய நண்பரான ஓர் ஆசிரியர் அதைப் படித்திருந்தார். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் அவர் எழுதிய குறிப்பு: "விஷயம் நன்று. சொற்களில் உயிர் இல்லை. இன்னும் உயிரோட்டமான சொற்களைப் போடவும்."

குறிப்பு பொய்யில்லை. ஆனால் எந்த இடத்தில் உயிர் இல்லை, எந்தச் சொல்லை எடுத்துவிட்டு எதைப் போடுவது என்று அதில் ஒன்றும் இல்லை. எழுதப் பழகுகிறவர்களுக்கு இந்த அறிவுரை எங்கும் கிடைக்கிறது. கேட்பவர் அதை எப்படிப் புரிந்துகொள்வார் என்று சொல்பவர்கள் யோசிப்பதில்லை. பின்னால் வந்த சிக்கலில் பாதி இந்த ஒரு வரியில் தொடங்கியது.

முதல் வரைவில் கண்டவை

முதல் வரைவில் பிழைகள் குறைவு. வாக்கியங்கள் சிறியவை, வரிசை ஒழுங்கானது. ஆனால் படித்து முடித்தால் கண்ணில் எதுவும் நிற்கவில்லை. ஒரு பத்தி இது:

"நல்ல மரமாக எடுத்து மிகவும் கவனமாக வேலை செய்ய வேண்டும். சரியாகச் செய்யாவிட்டால் மரம் கெட்டுவிடும். பிறகு அதை ஒன்றும் செய்ய முடியாது."

இதில் தவறான சொல் என்று ஒன்றைக்கூடக் காட்ட முடியாது. ஆனால் 'மரம்' என்பதை எடுத்துவிட்டு 'துணி' என்றோ 'இரும்பு' என்றோ போட்டுப் பாருங்கள்; பத்தி அசையாமல் நிற்கும். தையற்காரரும் கொல்லரும் இதே மூன்று வாக்கியத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடலாம். உயிர் இல்லை என்று நண்பர் சொன்னதற்கு என் கணிப்பில் பொருள் இதுதான்: வாக்கியம் எந்தப் பொருளோடும் ஒட்டவில்லை. அதன்பின் படி முழுவதையும் இந்த மாற்றிப்போடும் சோதனையோடு படித்தேன். சோதனைக்குத் தப்பிய வாக்கியங்கள் மிகச் சில.

இன்னும் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. முதல் பக்கத்தில் மட்டும் 'செய்' என்ற வினை 11 இடங்களில் இருந்தது: வேலை செய்தேன், முயற்சி செய்தேன், சரி செய்தேன், தயார் செய்தேன். அடுத்தது 'வெட்டு'. ரம்பம் எடுத்தாலும் உளி எடுத்தாலும் இழைப்புளி எடுத்தாலும் அவர் மரத்தை வெட்டிக்கொண்டே இருந்தார். வெட்டிய விதத்தைச் சொல்ல வேண்டி வந்த இடத்தில் எல்லாம் 'மெல்லியதாக', 'உட்புறமாக', 'உருண்டையாக' என்று '-ஆக' ஈற்றுச் சொல் ஒன்று முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

இரண்டாம் வரைவு

நான் இவற்றைக் குறித்து அனுப்புவதற்குள் அவரிடமிருந்து இரண்டாம் வரைவு வந்துவிட்டது. நண்பரின் குறிப்பை அவர் மிகுந்த பொறுப்போடு எடுத்துக்கொண்டிருந்தார். நூலகத்திலிருந்து சூடாமணி நிகண்டையும் பெரிய அகராதி ஒன்றையும் எடுத்துவந்து, ஒவ்வொரு பத்தியிலும் எளிய சொல்லை நீக்கி அதற்கு ஈடாக ஒன்றைப் போட்டிருந்தார். மேலே பார்த்த பத்தி இப்படி ஆகியிருந்தது:

"உன்னதமான தருவினை ஏந்தி, நுண்ணிய சிரத்தையுடன் கைவினை புரிதல் வேண்டும். பிறழ்ந்தால் அத்தரு பாழ்படும். பின்னர் அதனை மீட்பார் எவருமிலர்."

மாற்றிப்போடும் சோதனையை இதற்கும் வைத்தேன். 'தரு' போன இடத்தில் 'துகில்' வந்தால் தையற்காரர் மறுபடியும் கையெழுத்துப் போடலாம். சொற்கள் உயரத்துக்குப் போயிருந்தன. வாக்கியம் பொருளோடு ஒரு அங்குலம்கூட நெருங்கவில்லை. புதிதாக ஒரு பிழையும் சேர்ந்திருந்தது. தரு என்றால் வேர்விட்டு நிற்கிற மரம். அறுத்துக் காயவைத்துப் பட்டறைக்கு வந்த பலகையை யாரும் தரு என்று சொல்வதில்லை. முதல் வரைவில் இருந்த 'மரம்' சரியான சொல். தச்சர்கள் நாள் முழுக்கச் சொல்வது அதைத்தான்.

தொலைபேசியில் கேட்டேன். "ஐயா, இந்தத் 'தரு'ங்கிற சொல்ல நீங்க எப்பவாவது வாயால சொன்னதுண்டா?"

"சொன்னதில்ல தம்பி. ஆனா புஸ்தகத்துல இருக்கே. நல்ல தமிழ்தானே?"

நல்ல தமிழ்தான். குறை நிகண்டிலும் இல்லை. சூடாமணி நிகண்டு 12 தொகுதிகள் கொண்டது. தேவப் பெயர், மக்கட் பெயர், மரப் பெயர், செயல் பற்றிய பெயர், ஒலி பற்றிய பெயர் என்று பொருள்வகையாகச் சொற்களை அடுக்கி விருத்தப் பாவில் சொல்கிறது. மனப்பாடம் செய்வதற்காகவும் செய்யுளைப் படிப்பதற்கும் பாடுவதற்கும் துணையாகவும் எழுந்த நூல்வகை அது. ஒரு பொருளுக்கு எத்தனை பெயர் உண்டு என்று அது சொல்லும். எந்தப் பெயரை யார், எந்த இடத்தில், எந்தத் தொனியில் ஆள்கிறார்கள் என்று சொல்வது அதன் வேலை இல்லை. நன்னூலும் ஓசையைக் குறிக்க ஒரே நூற்பாவில் 20க்கும் மேற்பட்ட சொற்களை அடுக்குகிறது: முழக்கு, இமிழ், அதிர், குரை, கம்பலை, அரவம், ஆர்ப்பு என்று. பட்டியலாகப் பார்த்தால் எல்லாம் ஓசைதான். ஆனால் அரவத்தை எடுத்துவிட்டு ஆர்ப்பைப் போட்டால் வாக்கியத்தில் நடப்பதே வேறாகிவிடும்.

உரைநடை எழுதுகிறவருக்கு அகராதி தேவை என்றால், சொல்லை வாக்கியத்தில் வைத்துக் காட்டும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வது என் வழக்கம். 1992இல் முதல் பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி அந்த வகை. பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியமும் இருப்பதால், சொல் எங்கே பழகுகிறது என்பது தெரிந்துவிடும். இவருக்கும் அதைச் சொன்னேன். ஆனால் இவருடைய கட்டுரைக்கு வேண்டிய சொற்கள் எந்த அகராதியையும் திறக்காமல் கிடைக்கக்கூடியவை என்று எனக்குச் சந்தேகம் இருந்தது.

எடுத்த முடிவுகள்

முதலில், இரண்டாம் வரைவை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு முதல் வரைவிலிருந்து தொடங்குவது என்று பேசி முடிவு செய்தோம். அவருக்கு வருத்தம்தான், உழைத்திருந்தார். ஆனால் அலங்கரித்த வாக்கியத்தில் எது குறைகிறது என்று கண்டுபிடிப்பது கடினம். வெறும் வாக்கியத்தில் ஓட்டை ஓட்டையாகவே தெரியும்.

அடுத்து, பெயரடைகளைத் தொடுவதில்லை, வினைகளை மட்டும் முதலில் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். தமிழ் வாக்கியத்தின் எடை கடைசியில் வரும் வினையில் இறங்குகிறது. காலமும் எண்ணும் இடமும் அங்கேதான் தெரிகின்றன. அந்த இடத்தில் 'செய்தேன், செய்தேன், செய்தேன்' என்று வந்தால் முன்னால் எவ்வளவு அழகான சொல்லை வைத்தாலும் வாக்கியம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே சத்தத்தோடு விழும். உயிரோட்டமான சொல் என்றதும் பலர் பெயரடையைத் தேடிப் போகிறார்கள். அது எளிது, வாக்கியத்தைக் கலைக்காமல் செருகலாம். வினையை மாற்றினால் வாக்கியத்தையே பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும். அந்தப் பிரிப்பில்தான் பலன்.

மூன்றாவது முடிவு, எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பேசவைத்துப் பதிவுசெய்வது. இதில் நான் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. பேச்சு எப்போதும் எழுத்தைவிட உயிரோடு இருக்கும் என்பது பாதிதான் உண்மை.

பேச்சுப் பதிவு

பதிவில் முதல் பகுதி பயன்படவில்லை. ஓர் அறையில் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். "இத இப்படி வச்சு, அப்படி ஒரு தள்ளு, அவ்வளவுதான், வந்துரும்." கை எல்லாவற்றையும் காட்டியது. ஒலிப்பதிவில் கை தெரியாதே. 'இத', 'இப்படி', 'அப்படி' என்று தாளில் எழுதிப் பார்த்தால் முதல் வரைவைவிடவும் வெறுமையாக இருந்தது.

கேள்வியை மாற்றியதும் நிலைமை மாறியது. "எப்படிச் செய்வீங்க" என்று கேட்பதை விட்டுவிட்டு, "பசங்க எந்த இடத்துல தப்பு பண்ணுவாங்க?" என்று கேட்டேன். உடனே வந்தது:

"ரேகை பாக்காமத் தள்ளுவான். பலகை சிலும்பிரும். சிலும்புனத மறைக்கணும்னு அதே எடத்துல திரும்பத் திரும்ப இழைப்பான். கடைசியில ஒரு அங்குலப் பலகை முக்கால் அங்குலமா நிக்கும். அப்புறம் எங்கிட்ட வந்து, சார் பலகை சரியில்லைம்பான்."

இழைப்புளியை மரத்தின் ரேகை போகிற போக்கில் தள்ளினால் சீவல் சுருண்டு வரும், பலகை வழவழப்பாகும். எதிர்ப்போக்கில் தள்ளினால் அலகு நாரைத் தூக்கிப் பிய்க்கும். பலகையின் மேல் நார் எழும்பி நிற்கும். அதைத்தான் சிலும்புவது என்றார். முதல் வரைவில் 'மரம் கெட்டுவிடும்' என்று எழுதியிருந்தது இதைத்தான்.

பதிவு முழுவதையும் கேட்டுப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. அவரிடமிருந்து கூர்மையான சொற்கள் வந்ததெல்லாம் ஒரே வகை இடத்தில்: ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டாவிட்டால் வேலை கெட்டுப்போகும் இடங்களில். பயிற்சி பெறும் ஒருவருக்கு அறுப்பதும் பிளப்பதும் வேறு வேறு என்று உறைக்காவிட்டால் மரம் வீணாகும். எனவே பயிற்றுநருக்கு இரண்டு சொல் வேண்டியிருந்தது. வித்தியாசம் பொருட்டாக இல்லாத இடத்தில் அவருக்கும் நம்மைப் போல 'வேலை', 'விஷயம்', 'நல்லா' என்றுதான் வந்தது. சொல்வளம் ஒருவரிடம் எங்கும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. அவர் எங்கே கவனித்துப் பார்த்தாரோ அங்கே குவிந்திருக்கிறது. எழுதுகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்வி 'இதற்கு இன்னொரு சொல் என்ன' என்பதைவிட 'இது வேறு மாதிரி ஆகியிருந்தால் என்ன கெட்டிருக்கும்' என்பதாக இருந்தால் பயன் அதிகம். மீதி வேலை முழுவதையும் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே செய்தோம்.

மூன்றாம் வரைவு

'வெட்டினேன்' வந்த ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, கையில் எந்தக் கருவி இருந்தது என்று கேட்டேன். மெல்லியதாக வெட்டினேன் என்ற இடம் 'சீவினேன்' ஆயிற்று. உட்புறமாக வெட்டி எடுத்தேன் என்பது 'குடைந்தேன்'. உருண்டையாக வரும்படி இயந்திரத்தில் வெட்டினேன் என்பது 'கடைந்தேன்'. நார் போகிற போக்கிலேயே இரண்டாக வெட்டினேன் என்பது 'பிளந்தேன்'. ரம்பம் வந்த இடமெல்லாம் 'அறுத்தேன்', இழைப்புளி வந்த இடமெல்லாம் 'இழைத்தேன்', அரம் வந்த இடத்தில் 'ராவினேன்'. ஒவ்வொரு மாற்றத்திலும் '-ஆக' ஈற்றுச் சொல் தானாக உதிர்ந்தது. விதம் வினைக்குள்ளேயே இருக்கும்போது அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சொற்கள் கூடாமலே கட்டுரை தெளிவானது. சொல்லப்போனால் நீளம் குறைந்தது.

அந்தப் பத்தியின் மூன்றாம் வடிவம்:

"பலகையைக் கையில் எடுத்ததும் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கம் தள்ளினால் சிலும்பும். சிலும்பிய இடத்தை மறைக்க மறுபடி மறுபடி இழைத்தால் பலகை மெலியும், அளவு போய்விடும். மரத்தைக் கூட்ட முடியாது."

கடைசி வாக்கியம் அவராகச் சேர்த்தது. 'பிறகு அதை ஒன்றும் செய்ய முடியாது' என்று முதலில் எழுதியிருந்தது இப்படித் திரும்பி வந்தது. இதில் புதிய சொல்லே இல்லை. 'கூட்ட முடியாது' என்பது சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சொற்கள். ஆனால் இதற்கு மேல் தையற்காரர் கையெழுத்துப் போட முடியாது. அவரால் துணியில் ஒட்டுப் போட முடியும்.

ஒலிச் சொற்களில் ஒரு தடுமாற்றம் வந்தது. பேச்சு எடுபடுகிறது என்று தெரிந்ததும் அவருக்கு உற்சாகம். இழைப்புளி சரசரவென்றது, உளி டக்டக்கென்றது, மரத்தூள் பொலபொலவென்றது என்று பக்கத்துக்குப் பக்கம் இரட்டைக்கிளவி கொட்டியது. சத்தம் மிகுந்து காது அடைத்துவிட்டது. ஒவ்வொன்றையும் எடுத்து, இந்தச் சத்தம் கேட்கிறவருக்கு எதையாவது தெரிவிக்கிறதா என்று பார்த்தோம். பெரும்பாலானவை போயின. ஒன்று நின்றது. கூரான அலகு சர்ரென்று ஒரே மூச்சாகப் போகும், மழுங்கியது கரகரக்கும்; பயிற்சிக்கூடத்தின் மறுமுனையில் நின்றபடியே யாருடைய அலகைத் தீட்ட வேண்டும் என்று அவர் சொல்லிவிடுவாராம். அங்கே ஒலி செய்தி. அதனால் அது நின்றது.

தொழிற்சொற்களுக்கு விளக்கம் தருவதா என்ற கேள்வியும் எழுந்தது. கொட்டாப்புளி என்றால் மரச்சுத்தியல் என்று எல்லோருக்கும் தெரியாது. அடிக்குறிப்பு போட்டால் வாசிப்பு தடைப்படும். அடைப்புக்குறிக்குள் போட்டால் பாடநூல் வாடை வரும். 'கொட்டாப்புளியால் உளியின் தலையில் ஒரு தட்டு' என்று, கருவி செய்கிற வேலையோடு சேர்த்து முதன்முறை சொல்லிவிடுவது என்று தீர்மானித்தோம். இது எல்லாச் சொல்லுக்கும் சரிப்படவில்லை. சரிப்படாத மூன்று சொற்களை விட்டுவிட்டு, கருவியைச் சாதாரணமாக விவரித்தார்.

விபத்துப் பகுதி

கட்டுரையின் நடுவில் ஒரு விபத்து வருகிறது. வட்ட ரம்பத்தில் ஒரு பயிற்சி மாணவருக்கு விரலில் அடிபட்டது. முதல் வரைவில் இருந்தது:

"சத்தம் நின்றது. அவன் கையைப் பார்த்தான். நானும் பார்த்தேன்."

இரண்டாம் வரைவில் குருதி ஆறாய்ப் பெருகியது, ஓலம் விண்ணைப் பிளந்தது. மூன்றாம் வரைவுக்கு இதை எப்படி எழுதுவது என்று கேட்டார். முதல் வரைவில் இருந்தபடியே விட்டுவிடலாம் என்றேன். அவர் ஏற்கவில்லை.

"இவ்வளவு பெரிய விஷயத்த இத்துனூண்டு சொல்லுல சொன்னா எப்படி தம்பி? மத்த எடமெல்லாம் பாத்துப் பாத்துச் சொல்லு மாத்துனோமே."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. என் பதில் இது: பலகையைப் பற்றி எழுதும்போது வாசகருக்குத் தெரியாத ஒன்றைக் காட்டுகிறோம், அதற்குச் சொல் வேண்டும். இங்கே என்ன நடந்தது என்று இரண்டாவது வாக்கியத்திலேயே வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்கு மேல் சொல்லைக் கூட்டினால், தெரிந்ததையே உரக்கச் சொல்வதாகிவிடும். அந்த நொடியில் நின்றவர்களுக்கும் இரண்டு மூன்று பொருள்தான் கண்ணில் பட்டிருக்கும். மூன்று வாக்கியமும் அப்படியே நின்றன.

ஆனால் அதற்கு முந்தைய வாக்கியம் நிற்கவில்லை. 'பாதுகாப்பு மூடி கழற்றப்பட்டிருந்தது' என்று எழுதியிருந்தார். வினைகளைப் பார்த்துக்கொண்டே வந்ததால் இங்கும் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: யார் கழற்றியது? நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். முந்தைய வகுப்பில் கழற்றியிருக்கலாம், அன்று காலையே யாராவது கழற்றியிருக்கலாம். விசாரித்தும் தெரியவரவில்லை என்றார். 'படு' சேர்த்த வினை இந்தத் தெரியாமையை மூடி, வெறும் நடைமுறைத் தகவல் போல ஆக்கிவிட்டது. கடைசியில், "மூடி ரம்பத்தில் இல்லை. யார் கழற்றினார்கள் என்று இன்றுவரை தெரியாது. மாட்டியிருக்கிறதா என்று வகுப்பு தொடங்கும்போது பார்ப்பது பயிற்றுநரின் வேலை" என்று எழுதினார். இதில் வண்ணமான சொல் ஒன்றும் இல்லை. கட்டுரையிலேயே கனமான வரிகள் இவை என்பது என் அபிப்பிராயம்.

எதிர்த்திசையில் ஒரு முடிவும் இங்கே எடுக்க வேண்டியிருந்தது. எந்தக் கை, எந்த விரல், எந்தக் கணு வரை என்பதெல்லாம் பதிவில் இருந்தது. காட்சி துல்லியமாக இருந்தது. ஆனால் அந்த மாணவர் இப்போது அதே தொழிலில் இருக்கிறார். படிப்பவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். அவரிடம் கேட்டபோது, சம்பவம் வரட்டும், தான் யார் என்று தெரியவேண்டாம் என்றார். எனவே குறிப்பான சொல்லை எடுத்துவிட்டு 'விரல்' என்ற பொதுச்சொல்லையே வைத்தோம். எழுத்து சற்று மங்கியது. மங்கியது சரிதான்.

ஆசானைப் பற்றிய பகுதி

இவ்வளவு முறைகளுக்கும் பிடிகொடுக்காத பகுதி ஒன்று இருந்தது: அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஆசானைப் பற்றியது. 'அன்பானவர், கண்டிப்பானவர், நேர்மையானவர், தொழிலில் மிகவும் திறமையானவர்.' ஒரு முழுப் பக்கமும் இப்படியே போயிற்று. இங்கே மாற்றுவதற்கு வினையே இல்லை. ஆசான் எதுவும் செய்யாமல் குணங்களாக நின்றுகொண்டிருந்தார்.

தப்பு எங்கே வரும் என்ற கேள்வி இங்கே எடுபடவில்லை. ஆசானிடம் தப்பைத் தேட அவருக்கு மனமில்லை. அதைக் கேட்பதும் அழகில்லை. என்ன சொல்லித் திட்டுவார், எதற்கு எழுந்து வருவார், எதைப் பார்த்தும் பார்க்காதது போல் இருப்பார் என்று சுற்றிச் சுற்றிக் கேட்டதில் ஒன்றுதான் தேறியது. உளியைத் தீட்டிக் கொடுக்கும்போது கூர்முனையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, கைப்பிடியைத்தான் பையன்கள் பக்கம் நீட்டுவாராம். கோபத்தில் கத்திக்கொண்டே கொடுக்கும்போதும் அது மாறாதாம். இந்த ஒன்றை எழுதியதும் பாதிப் பக்கத்தை எடுத்துவிட முடிந்தது. 'அன்பானவர்' என்பதையும் எடுத்துவிடலாம் என்றேன். அது இருக்கட்டும் என்றார். அவர் ஆசான், அவர் சொல், இருந்தது. பக்கத்தின் மறுபாதியை எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது அச்சிலும் வெளிறித்தான் இருக்கிறது.

வாசித்துப் பார்த்தவர்கள்

அச்சுக்குப் போகும்முன் மூன்று பேரிடம் கொடுத்தோம்: தச்சு தெரிந்த ஒருவர், கல்லூரி மாணவி ஒருவர், முதல் குறிப்பை எழுதிய அதே ஆசிரியர். எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் வரும். மறுநாள், தாளைப் பார்க்காமல் நினைவில் இருப்பதைச் சொல்லச் சொன்னோம்.

சிலும்பிய பலகையை மூவரும் சொன்னார்கள். மழுங்கிய அலகின் சத்தத்தை மாணவி சொன்னார். அந்தச் சொல்லையே சொன்னார். கைப்பிடியை நீட்டும் ஆசான் இருவர் நினைவில் இருந்தார். மரவகைகளைப் பற்றிய பத்தியில் வைரம், கணு, வெடிப்பு என்று நான் ஆசையோடு வைத்திருந்த சொற்கள் யாருக்கும் நினைவில்லை. அங்கே சொற்கள் துல்லியம். ஆனால் அவற்றால் எதுவும் நடக்கவில்லை, வெறும் வருணனை. அந்தப் பத்தியைப் பாதியாக்கினோம்.

தச்சு தெரிந்தவர் ஒரு சொல்லைப் பற்றிச் சண்டையே போட்டார். அவர் பழகிய பட்டறையில் சிலும்புவது என்று சொல்வதில்லை, பிசிறு எழும்புவது என்றுதான் சொல்வார்கள். பொதுச்சொல்லாக ஒன்றைத் தேடலாமா என்று யோசித்தோம். வேண்டாம் என்று முடிவாயிற்று. கட்டுரையாளர் தன் கூடத்தைப் பற்றி எழுதுகிறார். அந்தக் கூடத்தில் வழங்கிய சொல் அது. வேறு சொல் தெரிந்த வாசகருக்கும் பொருள் புரியும்படி சுற்றியுள்ள வாக்கியங்கள் இருந்தால் போதும்.

ஆசிரியர் நண்பர், இப்போது சொற்களில் உயிர் வந்துவிட்டது என்று எழுதி அனுப்பினார். எங்கே என்று இந்த முறையும் சொல்லவில்லை.

வெளியான பிறகு

கட்டுரை வெளிவந்தது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விபத்துப் பகுதியைப் பற்றியவை. கருவிகளின் பெயர் மிகுதி, தொழில் தெரியாதவர்கள் திணறுவார்கள் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். முதல் இரண்டு பக்கங்களுக்கு அது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

எதிர்பாராத விளைவு அவருடைய அடுத்த கட்டுரையில் தெரிந்தது. அதை என் உதவி இல்லாமல் எழுதினார். 'செய்தேன்' அநேகமாக மறைந்துவிட்டது. ஆனால் இப்போது ஒவ்வொரு வாக்கியமும் ஒரு கூரான வினையில் முடிந்தது: நடந்தார் என்று இருக்க வேண்டிய இடத்தில் 'விரைந்தார்', சொன்னார் என்ற இடத்தில் 'முழங்கினார்', 'முணுமுணுத்தார்', 'வெடித்தார்'. ஒருவர் சொன்னதைச் 'சொன்னார்' என்று எழுதினால் வாசகர் அந்தச் சொல்லைக் கவனிக்காமல் பேச்சுக்குள் போய்விடுவார். அது கவனத்தைக் கேட்காத சொல்லாக இருப்பதே அங்கே வசதி. பலவற்றை மீண்டும் 'சொன்னார்' ஆக்கினேன். எங்கே கூர் வேண்டும், எங்கே வேண்டாம் என்பதை அவர் பலகையில் சரியாகப் பிடித்துவிடுகிறார். மனிதர்கள் பேசும் இடத்தில் இன்னும் பிடிபடவில்லை.

அடுத்த முறை மாற்ற நினைப்பவை

பேச்சுப் பதிவை நாற்காலியில் வைத்துத் தொடங்குவதில்லை. கையில் கருவியைக் கொடுத்து, அருகில் ஒருவரை நிறுத்தி, அவருக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்ல வேண்டும். கற்றுக்கொள்பவர் பார்க்க முடியாத கோணத்தில் நின்றால் இன்னும் நல்லது. 'இப்படி' என்று கைகாட்டித் தப்பிக்க முடியாது.

படியின் ஓரத்தில் 'உயிரோட்டம்', 'நடை', 'அழுத்தம்' போன்ற சொற்களை எழுதுவதை எங்கள் இதழில் நிறுத்திவிட்டோம். அதற்குப் பதில் வாக்கியத்தின் கீழ்க் கோடிட்டு ஒரு கேள்வி எழுதுகிறோம்: எந்தக் கருவி? யார் கழற்றியது? இன்னொரு தொழில்காரர் இதை எழுத முடியுமா? கேள்விக்கு எழுதுகிறவரால் பதில் சொல்ல முடியும். மதிப்பீட்டுக்கு அவரால் செய்யக்கூடியது வருத்தப்படுவதும் நிகண்டை எடுப்பதும்தான்.

நினைவில் நிற்பதைக் கேட்கும் சோதனையை இறுதிப்படிக்கு வைக்காமல் முதல் வரைவுக்கே வைத்தால், எந்தப் பத்தியில் உழைப்பது என்று முன்பே தெரிந்திருக்கும். மரவகைப் பத்திக்குச் செலவிட்ட நேரத்தை ஆசானுக்குக் கொடுத்திருக்கலாம்.

ஆசான் பகுதியை அவர் விடவில்லை. அதே பயிற்சியில் இருந்த இன்னொருவரைத் தேடிப்பிடித்து, அவருக்கு என்ன நினைவிருக்கிறது என்று கேட்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். கேள்விகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'அவர் எப்படிப்பட்டவர்' என்பது அந்தப் பட்டியலில் இல்லை.